மூட்டு வலியோடு மார்கழி சீசன்: அறுபதைத் தாண்டிய ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் இருக்கை, அப்புறம்தான் பாடகர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு சீசன் ஆனது.

எனக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால் கொஞ்சம் அதிகம். சர்க்கரை 12 வருடமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறது. வீட்டுக்காரருக்கு 72, இரண்டு காதிலும் மிஷின். ஒரு காலத்தில் நாங்கள் சென்னையில் மார்கழி இசை சீசன் நடக்கும் டிசம்பரில் ஒரே நாளில் மூன்று நாலு கச்சேரி கேட்டவர்கள். நங்கநல்லூரிலிருந்து காலையில் கிளம்பினால் மயிலாப்பூர், தி.நகர் என்று சுற்றிவிட்டு ராத்திரி பத்துக்கு மேல்தான் வீட்டுக் கதவைத் திறப்போம்.

அதெல்லாம் ஒரு சாயங்காலத்தோடு நின்றது. ஒரு சபாவில் வரிசையின் நட்ட நடுவில் இடம். பாடகர் காம்போதி ராக ஆலாபனை ஆரம்பித்து அரை மணி இருக்கும், வலது முழங்கால் அப்படியே பூட்டிக்கொண்டது. நீட்ட இடமில்லை. எழுந்தால் பத்துப் பேர் காலை மடக்கி வழிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்து சீட் அம்மா என் கையைத் தொட்டு, “நீங்க எவ்ளோ உருகிக் கேக்கறீங்க!” என்றார். நான் தலையை ஆட்டினேன், வேறென்ன செய்வது?

இனிமேல் யூடியூப் போதும் என்று அன்று ராத்திரி சபதம். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, ரசிகை. மருந்து சம்பந்தமாக எங்கே எதைச் சொன்னாலும் அதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. வேலை அக்டோபரிலேயே ஆரம்பிக்கிறது

சீசனுக்கு உடம்பைத் தயார் செய்ய டிசம்பர் முதல் வாரம் ரொம்ப லேட். இரண்டரை மணி நேரம் உட்காருவது சும்மா இருப்பது மாதிரித் தெரியும், ஆனால் தேய்ந்த மூட்டுக்கு அதுதான் பெரிய வேலை. அசையாமல் வைத்தால் இறுகிவிடும், எழுந்து நாலு அடி வைத்த பிறகுதான் இளகும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. அதைப் பலப்படுத்த ஜிம் எல்லாம் வேண்டாம். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து தடவை வந்தாலே பெரிசு. நவம்பர் முடிவதற்குள் பத்து வந்துவிட்டால், சபா நாற்காலியிலிருந்து பக்கத்து சீட்டுக்காரரின் தோளைப் பிடிக்காமல் எழுந்துவிடுவீர்கள். கூடவே, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது. டிவி பார்க்கும்போது செய்யலாம், நான் சீரியல் விளம்பரங்களில்தான் செய்கிறேன்.

அக்டோபரிலேயே மூன்று பேரைப் பார்த்துவிடுங்கள்: கண் டாக்டர், காது மிஷின் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட், உங்கள் வழக்கமான டாக்டர். கடைசி ஆளிடம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி பற்றிக் கேளுங்கள், ஏனென்றால் ஜன்னல் இல்லாத ஏசி ஹாலில் நூற்றுக்கணக்கான பேர் இருமிக்கொண்டிருக்கும் மாதம் அது.

இன்னொன்று, இது முக்கியம். “கச்சேரிக்குப் போகுமுன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் ஆச்சு” என்று நிறையப் பேர் சொல்வார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இது விளையாட்டில்லை. சீசன் முழுக்கத் தினமும் ஒன்று என்று ஆரம்பித்து ஜனவரியில் சிறுநீரகம் கெட்டதைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டோடு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். எனக்கு என் டாக்டர் பாராசிட்டமால்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் வேண்டியபோது மட்டும்.

2. அட்டவணையை உடம்பு பார்த்து வெட்டுங்கள்

சபாக்களின் அட்டவணை வெளிவந்ததும் நாம் என்ன செய்வோம்? பிடித்த பெயர்களையெல்லாம் வட்டம் போடுவோம். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை, ஆனால் வட்டம் போட்ட பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடிகிறது, எவ்வளவு படி ஏற வேண்டும், மறுநாள் ஓய்வு உண்டா. இந்த மூன்றில் இரண்டு சரியில்லையென்றால் அந்த வட்டத்தை அடித்துவிடுங்கள், பாடுவது யாராக இருந்தாலும் சரி. எங்கள் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, வாரத்துக்கு நாலு. நடுவே வரும் ஓய்வு நாளில் இணையத்தில் கேட்கிறோம். 2020-ல் கொரோனாவால் சீசனே இணையத்துக்குப் போனதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

இங்கேதான் மதியக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான சபாக்களில் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இளைஞர்கள் பாடுவார்கள், டிக்கெட் கிடையாது. ஹால் பாதிக்கு மேல் காலி. எந்த வரிசையில் வேண்டுமானாலும், எந்த ஓரத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம், பக்கத்து நாற்காலியில் பையை வைக்கலாம், முன்னால் இருக்கும் காலி நாற்காலியின் காலில் என் காலை முட்டுக்கொடுத்து நீட்டலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். கச்சேரியும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், வெளிச்சம் இருக்கும்போதே வீடு. முப்பது வயதில் நான் இந்தக் கச்சேரிகளை மதித்ததே இல்லை, “சப் ஜூனியர்” என்று ஒதுக்குவேன். இப்போது என் சீசனில் முக்கால்வாசி இதுதான். நல்ல தோடி ராகத்தை இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கேட்டு அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். காலியான ஹாலில் பாடுகிற அந்தப் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் தலையாட்டும் ஒரு நரைத்த தலை எவ்வளவு தெம்பு என்பது மேடையிலிருந்து அவர்கள் பார்க்கும் பார்வையிலேயே தெரியும்.

ஒரே ஆபத்து, சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம். தூங்குவதில் தப்பில்லை, குறட்டைதான் பிரச்சினை. அன்று மட்டும் சாதத்தைப் பாதியாக்குங்கள். பாடகர் தாலாட்டு ராகமான நீலாம்பரியை எடுத்தால் அது உங்கள் விதி.

3. இருக்கை

நடைபாதை ஓரத்து இருக்கை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கத்து ஓரம் என்பதைத்தான் யோசிக்க மாட்டோம். வலது முழங்கால் மோசமென்றால் நடைபாதை உங்களுக்கு வலப்பக்கம் வர வேண்டும், அப்போதுதான் அந்தக் காலை நீட்ட முடியும். இடது கால் என்றால் இடப்பக்கம். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது படத்தில் மேடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை தலைகீழாகப் புரிந்துகொண்டு, வலிக்காத காலை ராஜபோகமாக நீட்டிக்கொண்டும் வலிக்கிற காலை மடக்கிக்கொண்டும் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாடி வேண்டாம். டிக்கெட் விலை குறைவுதான், ஆனால் இருட்டில் இறங்குவது ஆபத்து. கீழேயும் சரிவான தளம் உள்ள ஹால்களில் முன்வரிசைக்குப் போவது இறக்கம், தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் வலிக்கும். அதனால் நுழைவாயிலுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு இடம், கழிவறைக் கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். சீசன் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் ஒரு தடவை நல்ல இடமாகப் பார்த்து எடுத்துவிட்டால் மாதம் முழுக்கக் கவலையில்லை.

உயரம் குறைந்த, உள்ளே அமுங்கும் நாற்காலிகள்தான் எழுந்திருக்கும்போது உயிரை எடுக்கும். இரண்டு அங்குல உயரத்துக்குக் கெட்டியான ஒரு சதுரத் தலையணை தைத்து வைத்திருக்கிறேன். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் எழுவது பாதி சுலபம். முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும்.

உட்கார்ந்தபின் சும்மா இருக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்து கைதட்டும்போதும் பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை ஆட்டுங்கள், முழங்காலை ஒரு தடவை நீட்டி மடக்குங்கள். செருப்பைக் கழற்றியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று காலால் தடவி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் குனிந்து தேடும்போதுதான் தலை சுற்றும். அப்புறம் தாளம். தொடையில் ஓங்கி அடித்துத் தாளம் போடுகிற பழக்கம் இருந்தால் உள்ளங்கையில் விரல் வைத்து எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் தன் தொடை வலிக்கிறது என்று என் தொடையில் போட ஆரம்பித்தார், அது வேறு கதை.

கம்பு வைத்திருப்பவர்கள், வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இது தெரியாமல் எத்தனையோ பேர் தவறான கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கிறேன்.

4. யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்

சிறுநீர். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு ப்ராஸ்டேட், பெண்களுக்கு அடக்க முடியாத அவசரம், சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டும் போதாதென்று இன்னும் கொஞ்சம். நிறையப் பெண்கள் சாயங்காலக் கச்சேரிக்கு மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நானும் செய்தேன். விளைவு, ராத்திரி கெண்டைக்காலில் பிடிப்பு, மறுநாள் எரிச்சல். தண்ணீரை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். காலையிலிருந்து மதியம் வரை நன்றாகக் குடித்துவிட்டு, கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து வாயை நனைக்கும் அளவுக்கு மட்டும். பிபிக்காக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது எழுந்து போவது? இதற்குக் கச்சேரியின் அமைப்பே வழி சொல்லும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய முறைதான் இன்றும் பெரும்பாலும்: வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, கொஞ்சம் விரிவாக ஒரு ராகம், அப்புறம் விறுவிறுப்பாகச் சின்னதாக ஒன்று, அதற்குப் பிறகு கச்சேரியின் முக்கியப் பாட்டான மெயின். இரண்டரை மணிக் கச்சேரியில் அந்தச் சின்ன கீர்த்தனை சுமார் ஒரு மணி கழித்து வரும். அதுதான் உங்கள் நேரம். அது முடிந்து மெயின் ராக ஆலாபனை தொடங்கிவிட்டால், பிறகு வயலின் முறை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி என்று ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட எழ முடியாது. அவசரமாக இல்லாவிட்டாலும் அப்போது போய்விட்டு வந்துவிடுங்கள்.

எழ முடியாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், தனி ஆவர்த்தனத்தில் ஹாலே எழுந்து கேன்டீனுக்கும் கழிவறைக்கும் போகிற வழக்கம் நம்மூரில் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரமாகக் காத்திருப்பது அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான். அவர் கண் முன்னாலேயே முதுகைக் காட்டிக்கொண்டு போவது எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உடம்பு கேட்காவிட்டால் போகத்தான் வேண்டும், அதில் வெட்கம் வேண்டாம், ஓரத்து இருக்கை இருந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வரலாம். வயதானவர்களுக்கான உறிஞ்சும் உள்ளாடைகள் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. என் தோழி ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டுதான் எந்தப் பதற்றமும் இல்லாமல் ராகம் தானம் பல்லவி கேட்கிறாள்.

5. காது

வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. பேச்சில் மெய்யெழுத்துக்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் கச்சேரியில் வேடிக்கையாக ஒன்று நடக்கும்: ராகம் முழுசாகக் கேட்கும், சாகித்யம், அதாவது பாட்டின் வார்த்தை, கரைந்துவிடும். நாம் உடனே “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பே இல்லை” என்று ஆரம்பிப்போம். பழைய கிருதி, வார்த்தை மனப்பாடம் என்றால் மூளையே நிரப்பிக்கொள்ளும், தெரியாத பாட்டென்றால்தான் குட்டு வெளிப்படும். உங்களுக்கு அப்படித் தோன்ற ஆரம்பித்தால் பாடகரைத் திட்டுமுன் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் மிஷின் போட்டுக்கொண்டு போன முதல் கச்சேரியில் ஐந்தாவது நிமிஷமே என்னிடம் குனிந்து, “தம்பூரா அலைகிறது, சுருதி சேர்க்காமலே பாடுகிறார்களே” என்றார். தம்பூரா கல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. புல்லாங்குழல் கச்சேரி இன்னும் மோசம், நீட்டி நிறுத்தும் ஒவ்வொரு கார்வையும் நடுங்குகிறது என்றார். நாற்பது வருஷமாகக் கேட்ட காது போய்விட்டது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆடியாலஜிஸ்ட் விளக்கிய பிறகுதான் புரிந்தது. மிஷின்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை அவை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். நீண்டு நிற்கும் தூய ஸ்வரத்தைத் தன்னுடைய விசில் சத்தமே என்று நினைத்து வெட்டப் பார்க்கும். தம்பூராவும் புல்லாங்குழலும் வேறென்ன? ஒரே சீராக நீண்டு நிற்பவைதானே.

அதனால் ஆடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டியது இதுதான்: “இசைக்கென்று தனியாக ஒரு ப்ரோகிராம் போட்டுக் கொடுங்கள்.” அதில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிட வேண்டும், விசில் தடுப்பைக் குறைத்து வைக்க வேண்டும், மைக் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும், உயர்ந்த ஒலிகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். சும்மா கேட்டுவிட்டு வராதீர்கள். போகும்போது ஒரு சின்ன ஸ்பீக்கரும் நன்றாகத் தெரிந்த ஒரு வீணைப் பதிவும் கொண்டுபோய், அங்கேயே போட்டுக் கேட்டு, சரியாக வரும்வரை திருத்தச் சொல்லுங்கள். எங்களுக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. இப்போது அவர் ஹாலுக்குள் நுழைந்ததும் பட்டனை அழுத்தி மாற்றிக்கொள்கிறார், கேன்டீனுக்கு வந்ததும் பேச்சு ப்ரோகிராமுக்குத் திரும்புகிறார். பேட்டரி வகையாக இருந்தால் ஒரு புது அட்டையை எப்போதும் பையில் வையுங்கள், அந்தச் சின்ன பேட்டரிகள் எச்சரித்த கொஞ்ச நேரத்திலேயே உயிரை விட்டுவிடும். ஸ்டிக்கரைப் பிரித்தவுடன் போடாமல் ஒரு நிமிஷம் காற்றில் வைத்துப் போட்டால் ஒழுங்காக வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அதிக சத்தம். மெல்லியது கேட்காது, கொஞ்சம் கூடினால் காதைக் குத்தும். வயதான காதின் குணம் அது. வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிஷம். ஃபோனிலேயே இதை அளக்கும் செயலி கிடைக்கிறது, துல்லியம் இல்லாவிட்டாலும் குத்துமதிப்புக்கு உதவும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். சின்ன ஹாலில் நாதஸ்வரம் தவில் என்றால் பத்து வரிசை தள்ளிப் போங்கள், அது கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்த வாத்தியம்.

பேரன் ஆசையாக டிக்கெட் எடுத்துத் தந்து திறந்தவெளியில் நடக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குப் போக வேண்டி வந்தால், போங்கள். நான் போனேன், நாலு பாட்டுக்கு உட்கார்ந்தபடியே ஆடினேன். ஆனால் உட்காரும் டிக்கெட்டாக இருக்கட்டும், மேடையிலிருந்து தள்ளி இருக்கட்டும், காதடைப்பான் கட்டாயம். பஞ்சு வைத்தால் பிரயோசனமில்லை. நுரை அடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் வகை எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். கடைசிப் பாட்டுக்கு முன்பாகவே கிளம்பிவிடுங்கள், நெரிசலில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தப் பாட்டும் பெரிசில்லை.

6. கேன்டீனும் சர்க்கரையும்

சீசனில் பாதிப் பேர் கேன்டீனுக்காகத்தான் வருகிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள், அதில் நானும் ஒருத்தி என்பதை மறைப்பானேன். கீரை வடை, வாழைப்பூ வடை, அசோகா அல்வா, டிகிரி காபி. எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னால் நீங்களும் கேட்க மாட்டீர்கள், நானும் செய்யவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஐட்டம், அதையும் இருவரும் பாதிப் பாதி.

பெரிய ஆபத்து சர்க்கரை ஏறுவதில் இல்லை, இறங்குவதில். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்து ஒன்பதரை வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கீழே போகலாம். எனக்கு ஒரு தடவை ஏசி ஹாலில் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது, கீர்த்தனையின் அனுபல்லவியா சரணமா என்றே புரியவில்லை. வெளியே ஓடிப்போய் அல்வா வாங்கிச் சாப்பிட்டேன். அது தப்பு. நெய் சேர்ந்த இனிப்பு மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியது வெறும் சர்க்கரை: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து, அதாவது சுமார் 15 கிராம். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். ஒரு சின்ன டப்பாவில் பொடி பையிலேயே இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று கூட வருகிறவருக்கும் தெரிந்திருக்கட்டும். சாயங்காலக் கச்சேரி நாட்களில் ஐந்தரைக்கே சுண்டலோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டு, ராத்திரி மாத்திரையை வீட்டுக்கு வந்து சாப்பாட்டோடு எடுத்துக்கொள்கிறேன். இந்த மாற்றத்தையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்தேன். ஆறு மணிக்கு மேல் காபி குடித்தால் கழிவறைக்கும் போக வேண்டும், தூக்கமும் போகும்.

7. குளிர், இருட்டு

ஹால் ஏசிக்கு ஒரு சால்வை, காலுக்கு சாக்ஸ், வெளியே வந்ததும் மங்கி குல்லா. பட்டுப்புடவைக்கு மங்கி குல்லா பொருந்தாதுதான்.

வெயிலிலிருந்து இருட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் நடக்காதீர்கள். வயதான கண் இருட்டுக்குப் பழக நேரமெடுக்கும், கதவருகே ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்து நில்லுங்கள். ஃபோன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், பாடகர் முகத்தில் அடிக்காதீர்கள். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். கடைசியாக மங்களம் பாடும்போதே பாதத்தை ஆட்டி, நாற்காலி நுனிக்கு வந்து, எழுந்து, பத்து எண்ணிவிட்டு நடங்கள்.

8. போக வர

எங்களுக்கு மெட்ரோதான் உயிர். நங்கநல்லூர் ரோட்டில் ஏறினால் நீல வழித்தடத்தில் மாறாமல் தேனாம்பேட்டை, ஏஜி-டிஎம்எஸ் வரை போகலாம், எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து டி.டி.கே. சாலை சபாக்களுக்கு ஆட்டோ. தி.நகர் என்றால் நந்தனத்திலேயே இறங்கிவிடுவோம். மயிலாப்பூருக்கு மட்டும் ஆட்டோ தூரம் கூடுதல், அதனால் அங்கே மதியக் கச்சேரி மட்டும்.

ராத்திரி சொந்தமாக வண்டி ஓட்டுவதை நிறுத்தியாகிவிட்டது, எதிரே வரும் விளக்கின் கூச்சம் தாங்கவில்லை. கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்குப் பாய்வார்கள். நாங்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்தே இருப்போம். ஹால் காலியாகும், தம்பூராவை உறையில் போடுவார்கள், சில சமயம் மிருதங்கக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வாய்ப்புக் கிடைக்கும்.

9. தரையில் உட்கார வேண்டிய இடங்கள்

வீட்டுக் கச்சேரிகளில் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். மைக் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் குரலைக் கேட்கும் சுகம் வேறு எங்கும் கிடையாது. அழைப்பு வந்ததும் ஃபோன் செய்து, “எனக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். நேரில் போய்த் தயங்கி நின்றுகொண்டிருந்தால்தான் எல்லோருக்கும் சங்கடம். நாற்காலி பின்னால் இருக்கட்டும், முன்னால் இருந்தால் மற்றவர்களுக்கு மறைக்கும்.

திருவையாறு வேறு மாதிரி. தியாகராஜர் சமாதியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக்கரைப் பந்தலில் அவருடைய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரோடும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் தரையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும், நடுவில் எழ முடியாது. முதல் பாட்டின் நாட்டை ராகத்தில் உட்கார்ந்தால் கடைசிப் பாட்டின் ஸ்ரீராகம் முடிந்துதான் எழலாம், அதற்குள் என் கால் எனக்குச் சொந்தமில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு இப்போது பந்தலின் ஓரத்தில் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே பாடுகிறேன். முக்காலியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் மீன் விற்கப் போகிறேனோ என்று பார்ப்பார்கள்.

10. வீடு திரும்பியபின்

முழங்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் ஐஸ், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம். வீக்கம் இல்லாமல் வெறும் இறுக்கம் என்றால் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள், பாதத்தைப் பார்த்து எங்காவது செருப்புக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மிஷினைத் துடைத்து ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட வேண்டும்.

மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது கால் என்ன சொல்கிறதோ அதைத்தான் நாங்கள் கேட்கிறோம். அரை மணிக்குள் இறுக்கம் விட்டால் அடுத்த வட்டத்துக்குப் போகலாம். மதியம் வரை நொண்டினால், அன்றைய டிக்கெட் மாடி வீட்டுப் பெண்ணுக்கு. அவளுக்கு 24 வயது, முதல் கச்சேரிக்குப் போகும்போது தனி என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது என் கால் எப்போது வீங்கும் என்று காத்திருக்கிறாள்.